நாய்க்கடிச் செலவு யார் கணக்கில்?

தெருநாய் என்று ஆரம்பித்தாலே நம் வகுப்பில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி "எல்லாத்தையும் பிடிச்சுக் கொல்லணும்" என்று சொல்லும். இன்னொரு கட்சி "அதுவும் ஒரு உயிர்தானே" என்று சொல்லும். இரண்டு கட்சியும் நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். நான் பி.காம் படிக்கிறவன் என்பதாலோ என்னவோ, எனக்கு வேறொரு கேள்விதான் முதலில் வருகிறது. ஒரு நாய் கடித்தால் அந்தச் செலவு யார் கணக்கில் ஏறுகிறது? கடிபட்டவர் கணக்கிலா, வளர்த்தவர் கணக்கிலா, அரசாங்கத்தின் கணக்கிலா? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இருநூறு வருட வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன். சுவாரசியமான சங்கதிகள் கிடைத்தன நண்பர்களே.

அதற்கு முன்னால் ஒரு பழைய சங்கதி. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டு இறந்த வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்திலேயே அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்பது அதன் பெயர். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. ஆக, 1400 வருடத்துக்கு முன்னால் நாய்க்கடிக்குக் கல் நட்டிருக்கிறோம் :-) நான் கவனித்தது இன்னொன்று. அந்த நாய்க்குப் பெயர் இருந்தது, அது யாருடைய நாய் என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது. நம் பக்கத்திலும் அப்படித்தான். கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி தாண்டிப் போனால் ராஜபாளையம். அந்த ஊர் நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம்.

1832, பம்பாய். வெறிநாய்க்கடிக்கு உலகத்தில் எங்கேயும் மருந்து கிடையாது. அதனால் வெயில் காலத்தில் தெருவில் திரியும் நாய்களைக் கொல்லலாம் என்று கம்பெனி அரசாங்கம் 1813லேயே விதி போட்டிருந்தது. கொல்லும் போலீஸ்காரருக்கு நாய் ஒன்றுக்கு எட்டணா, அதாவது அரை ரூபாய். அந்த வருடம் கொல்லும் காலத்தை ஜூன் மாதம் வரைக்கும் நீட்டினார்கள்.

இப்போது நீங்கள் அந்தப் போலீஸ்காரர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். வெறிபிடித்த நாயைப் பிடித்தாலும் எட்டணா, சாதுவான நாயைப் பிடித்தாலும் எட்டணா. வெறிநாயைப் பிடிக்கப் போனால் உயிருக்கே ஆபத்து. வீட்டு வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் நாய் கூப்பிட்டால் பக்கத்தில் வரும். எதைப் பிடிப்பீர்கள்? அதுதான் நடந்தது. வீட்டு நாய்களையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று ஊரெல்லாம் புகார். நாயைப் புனிதமாக மதிக்கும் பார்சிகளுக்கு இது தாங்கவில்லை. ஜூன் 6ஆம் தேதி கோட்டைப் பகுதியில் நாய் பிடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர்கள்மேல் கூட்டம் பாய்ந்தது. மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. கொலாபாவில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குப் போகவேண்டிய சாப்பாட்டுச் சாமான்கள்கூட நின்றுபோயின. கடைசியில் பட்டாளத்தை இறக்கித்தான் அடக்கினார்கள். வரலாற்றில் இதற்குப் பெயரே பம்பாய் நாய்க் கலவரம்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் பீஸ் ரேட் என்று படிப்போமே, அதில் ஒரு எச்சரிக்கை வரும். எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால் எண்ணிக்கைதான் கிடைக்கும், தரம் கிடைக்காது என்று. அதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கவில்லை. அரசாங்கத்துக்கு வேண்டியது பாதுகாப்பு, ஆனால் காசு கொடுத்தது செத்த நாய்க்கு.

அதே வெள்ளைக்காரன் தன் சொந்த ஊரில் என்ன செய்தான் என்று பார்த்தால் கோபமே வருகிறது. இங்கிலாந்திலும் வெறிநாய்த் தொல்லை இருந்தது. அங்கே நாய் வளர்க்க வருடாந்திர லைசென்ஸ் கட்டணம். 1878 முதல் ஏழரை ஷில்லிங். 1890களின் கடைசியில் வால்டர் லாங் என்ற விவசாய அமைச்சர், பல மாவட்டங்களில் பொது இடத்துக்கு வரும் எல்லா நாய்க்கும் வாய்ப்பூட்டு கட்டாயம் என்று உத்தரவு போட்டார். போரடிக்கிற மாட்டுக்கு நம் ஊரில் வாய்க்கூடை கட்டுவார்களே, அந்த மாதிரி. பூட்டாவிட்டால் அபராதம். வெளிநாட்டிலிருந்து வரும் நாயைத் தனியே அடைத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்துத்தான் விட்டார்கள். நாய் வளர்த்த கனவான்களும் சீமாட்டிகளும் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். மனிதர் அசையவில்லை. 1902இல் இங்கிலாந்தில் வெறிநோய் ஒழிந்தது. முதல் உலகப்போர் முடிந்த சமயம் மறுபடி உள்ளே வந்து, 1922இல் மறுபடி ஒழிந்தது. தீவு என்பதால் அவர்களுக்குச் சுலபம், ஒப்புக்கொள்கிறேன். அங்கேயும் தெருநாய்களைப் பிடித்தார்கள், அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் அங்கே பாரத்தின் பெரும்பகுதி நாயை வளர்த்தவன் தலையில் ஏறியது. இங்கே வளர்த்தவனைக் கேள்வி கேட்காமல், கண்ணில் பட்ட நாயைக் கொன்றார்கள்.

சென்னையிலும் அதே கதைதான், ஆனால் நூறு வருடத்துக்கு மேல் நீண்ட கதை. 1860களில் ஆரம்பித்த நாய் கொல்லும் வேலை 1996 வரைக்கும் நடந்தது. அந்தக் கடைசிக் கட்டத்தில் மாநகராட்சி ஒரு நாளைக்கு 135 நாய் வரை கொன்றது என்று ப்ளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். எழுபதுகளில் அந்தத் தோலில் கழுத்து டையும் பர்சும் செய்து பார்த்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. அவர் வாதம் ரொம்ப எளிமையானது. இத்தனை வருடம் கொன்றும் எண்ணிக்கை குறையவில்லையே, அப்படியானால் வழியே தப்பு என்பதுதான் அது. லாபநஷ்டக் கணக்கு பார்க்கிற யாரும் மறுக்க முடியாது.

இப்போது கடிபட்டவர் பக்கம். எனக்கு இந்த வரலாற்றிலேயே மனதைத் தைத்த பகுதி இதுதான்.

லூயி பாஸ்டர் 1885 ஜூலையில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போட்டுக் காப்பாற்றினார். இந்தியாவில் அந்தச் சிகிச்சைக்கு முதல் நிலையம் 1900இல்தான் வந்தது. எங்கே? சிம்லாவுக்குப் பக்கத்தில் கசௌலி. தென்காசியில் ஒருவரை நாய் கடித்தால் இரண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். அப்போது தென்காசிக்கு ரயிலே வரவில்லை. திருநெல்வேலி வரைக்கும் மாட்டு வண்டி, அதற்கப்புறம் நாள்கணக்கில் ரயில். காசு இருப்பவனுக்கே முடியாத காரியம். இல்லாதவன் மந்திரித்துக்கொண்டு வீட்டில் காத்திருக்க வேண்டியதுதான். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அப்புறம் பிழைப்பது அநேகமாக இல்லை, இன்றைக்கும் இல்லை.

1902இல் தென்னிந்தியாவில் ஓர் இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியில் இறந்துபோனார். அதற்கப்புறம்தான் தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு சூடுபிடித்தது. (அதற்கு முன்னால் இறந்த நம்மூர்க்காரர்களுக்குக் கணக்கே இல்லை. என்ன செய்வது!) ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு லட்ச ரூபாய் இதற்கு ஒதுக்கப்பட்டது. 1907 ஏப்ரல் 6ஆம் தேதி குன்னூரில் பாஸ்டர் நிலையம் வேலையை ஆரம்பித்தது. அதற்குள் 1904இல் திருநெல்வேலி - கொல்லம் ரயில்பாதை தென்காசி வழியாக முழுமையடைந்திருந்தது. குன்னூருக்கு மலை ரயில் 1899லேயே வந்துவிட்டது. ஆக, குற்றாலத்தில் கடிபட்டவர் தென்காசியில் ரயிலேறி மதுரை, திருச்சி, ஈரோடு, மேட்டுப்பாளையம் என்று மாறி மாறிக் குன்னூர் போய்ச்சேர ஒரு வழி பிறந்தது. போய் ஊசி முடியும்வரை அங்கேயே தங்கவேண்டும். டிக்கெட், சாப்பாடு, துணைக்குப் போகிறவர், அத்தனை நாள் கூலி இழப்பு. இதில் ஒரு பைசாகூட நாயின் சொந்தக்காரர் கணக்கில் போயிருக்காது.

1911இல் டேவிட் செம்பிள், கசௌலியில் ஆட்டு மூளையிலிருந்து புது மருந்து செய்தார். கிருமியைக் கொன்று செய்த மருந்து என்பதால் வெளியூருக்கு அனுப்ப முடிந்தது. ஊசி மெல்ல மெல்ல ஊர் ஊராக வந்தது. நம் தாத்தா பாட்டி பயந்து பயந்து சொல்வார்களே, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று, அது இதுதான். சிலருக்கு அந்த ஊசியாலேயே பக்கவாதம் வந்தது. உலகத்தில் பல நாடுகள் கைவிட்ட பிறகும் இந்தியா 2004 கடைசி வரைக்கும் இதைத் தயாரித்தது. இப்போது கையில் 0, 3, 7, 28ஆம் நாட்களில் ஊசி. ஆழமான கடி என்றால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற தனி மருந்தும் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். இதையாவது மறந்துவிடாதீர்கள்.

நடுவில் காந்தி ஒருவர்தான் சொந்தக்காரன் பக்கம் விரல் நீட்டினார். 1926இல் அகமதாபாத் மில் முதலாளி அம்பாலால் சாராபாய் தன் ஆலை வளாகத்தில் திரிந்த 60 நாய்களைக் கொல்லவைத்தார். அகிம்சை பேசும் காந்தி கண்டிப்பார் என்று ஊரே எதிர்பார்த்தது. அவரோ வேறு வழி என்ன என்று கேட்டுவிட்டு, யங் இந்தியாவில் தொடர் கட்டுரையே எழுதினார். சொந்தக்காரன் இல்லாமல் நாய் திரிவதே சமூகத்தின் குற்றம், வெறுமனே ரொட்டித்துண்டு போடுவது தர்மம் ஆகாது, இரக்கப்படுகிறவன் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்பது அவர் கட்சி. திட்டிக் கடிதங்கள் குவிந்தன. கொல்லலாம் என்ற அவர் முடிவு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் பாதிச்சோறு போடுகிறவனைப் பற்றி அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். நம் தெருவில் "இது யார் நாய்" என்று கேட்டுப்பாருங்கள். "நம்ம தெரு நாய்தான்" என்பார்கள். அதுவே யாரையாவது கடித்துவிட்டால் "அது எவன் நாயோ" ஆகிவிடும்.

சொந்தக்காரனைப் பிடிக்கச் சட்டமே இல்லையா? இருந்தது. 1860ஆம் வருட இந்திய தண்டனைச் சட்டம், 289ஆம் பிரிவு. தன்னிடம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாதம் பத்து ரூபாய் சம்பளக்காரருக்கு 1000 ரூபாய் என்பது எட்டு வருடச் சம்பளத்துக்கும் மேல். நாய் வளர்க்கிறவன் நடுங்கியிருப்பான். ஆனால் அந்த 1000 ரூபாய் 2024 வரைக்கும் 1000 ரூபாயாகவே இருந்தது. பணவீக்கம் பற்றிப் பரீட்சையில் கேட்டால் இதையே எழுதலாம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் அது 5000 ஆனது. நல்ல ஜாதி நாய்க்குட்டி ஒன்றின் விலை அதைவிட அதிகம்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1996இல் சென்னை மாநகராட்சி கொல்வதை நிறுத்திவிட்டுக் கருத்தடைக்கு மாறியது. 2001இல் அது நாடு முழுவதுக்கும் விதியானது, 2023இல் புது விதிகள் வந்தன. 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினோரு நாளில் இன்னொரு அமர்வு அதை மாற்றியது. நவம்பர் 7ஆம் தேதி பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து மட்டும் அகற்றச் சொல்லி உத்தரவிட்டது.

வீட்டு நாய்க் கதை தனி. 2024 மார்ச் 12ஆம் தேதி மத்திய அரசு 23 வகை நாய்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று ஏப்ரல் 10ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே 5ஆம் தேதி சென்னை ஆயிரம் விளக்கில், மாநகராட்சிப் பூங்காவில் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. அந்த வகையும் அந்த 23க்குள் இருந்ததுதான். 289 உள்ளிட்ட பிரிவுகளில் வழக்கு, உரிமையாளர் கைது, ஜாமீன். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். அந்த வருடம் டிசம்பரில் சென்னை மாநகராட்சி இந்த இரண்டு வகைக்கும் புதிய லைசென்ஸ் கிடையாது என்றது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வெளியே கூட்டிவந்தால் சங்கிலியும் வாய்ப்பூட்டும் கட்டாயம். வால்டர் லாங் போட்ட உத்தரவு சென்னைக்கு வர நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நம் குற்றாலம் மாநகராட்சி இல்லை, பேரூராட்சி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலத்தில் ஊர் கொள்ளாத கூட்டம். பரோட்டாக் கடை மிச்சத்தில் நாய்களும் கொழுத்துத் திரியும். சீசன் முடிந்து கடைகள் மூடியதும் அதே நாய்கள் குப்பைத்தொட்டியைச் சுற்றி அலையும், ஆளைக் கண்டால் உறுமும். அவை தெருநாய்தான், ஆனால் மூன்று மாதத்துக்குச் சோறு போட்ட ஆள் உண்டு. காரில் வளர்ப்பு நாயைக் கூட்டிவந்து அருவிக்கரையில் சங்கிலி இல்லாமல் விடுகிற பெரிய மனிதர்களையும் பார்க்கிறேன். "ஒண்ணும் பண்ணாது தம்பி" என்பார்கள்.

உங்களிடம் ஒரு உதவி. உங்கள் ஊர் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ நாய்க்கு லைசென்ஸ் எடுத்த ஒரே ஒரு ஆளையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் எவ்வளவு கட்டினார், என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள். நான் இங்கே பத்துப் பேரிடம் விசாரித்தேன். பத்துப் பேரும் "நாய்க்கு லைசென்ஸா?" என்று சிரித்தார்கள்.