பைக்கோஎரித்ரின்

பைக்கோஎரித்ரின் (பெயர்ச்சொல்): செம்பாசிகளுக்குச் சிவப்பைத் தரும் நிறமிப் புரதம். கிரேக்க மொழியில் ‘பைக்கோஸ்’ கடற்பாசி, ‘எரித்ரோஸ்’ சிவப்பு.

கடலில் இறங்கும் வெயிலின் சிவப்பொளியை மேல்மட்ட நீரே உறிஞ்சிவிடும். நீலமும் பச்சையுமே ஆழம்வரை எட்டும். பச்சையம் அதிகம் ஏற்காத பச்சை ஒளியை இந்த நிறமி பிடித்து, பைக்கோசயனின் போன்ற நிறமிகள் வழியே பச்சையத்திடம் சேர்க்கிறது. பஹாமாஸ் கடலில் 268 மீட்டர் ஆழத்திலும் செம்பாசி வாழ்வதை 1985இல் வெளியான ஆய்வு காட்டியது.

மன்னார் வளைகுடாவின் கஞ்சிப்பாசியிலும் இந்த நிறமி உண்டு. நீரில் கரைவது இதன் இயல்பு: செம்பாசியை அரைத்து நன்னீரில் ஊறவிட்டால் இளஞ்சிவப்புச் சாறு கசியும். புறஊதா ஒளியில் அச்சாறு செம்மஞ்சளாக ஒளிரும். இவ்வொளிர்வுக்காகவே இரத்த அணுக்களை இனம்பிரிக்கும் ஆய்வகங்கள் இதை அடையாளச் சாயமாகப் பயன்படுத்துகின்றன.