நிரல் நூலகமும் மீரியபெத்தவும்

முன்னெழுதிய நிரற்பகுதிகளைத் தொகுத்து மீண்டும் பயன்படுத்தும் நூலக முறை, 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியோடு வளர்ந்தது. அங்கு நூலகமென்பது துளையிட்ட தாள்நாடாக்களின் தொகுதி. வேண்டிய நாடாவைப் படியெடுத்து நிரலோடு சேர்த்தாலன்றி அது பயன்தராது. இன்றைய ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழலிலும் நூலகத்தின் இருப்பிடத்தைச் சுட்டி இணைத்தல் வேண்டும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் இலங்கை வல்லுநர் ஆக்கிய சகானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளும் இத்தகைய இணைப்பினாலேயே உருவாயிற்று.

ஆயின், அனர்த்தத் தடுப்பில் இணைப்பு வேண்டுவது கணினிக்குள் மட்டுமன்று. பதுளை மாவட்டத்து மீரியபெத்தத் தோட்டத்தின் மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. பாதுகாப்பான இடத்தில் மக்களைக் குடியமர்த்தும் பணியோடு அவ்வறிவு இணையவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் மலை சரிந்து லயன்களை மூடிற்று. சேர்த்துவைத்த அறிவு செயலோடு இணையாவிடின் இல்லாமைக்கு ஒப்பாகும் என்பதற்கு அந்நாளே சான்று.