நூலோவியக் குவில்ட்

மேலே ஒரு துணி, நடுவே பஞ்சு அல்லது கம்பளி அடுக்கு, கீழே அடித்துணி, இம்மூன்றையும் ஊடுருவிப் பிடித்து வைக்கும் தையல்: குவில்ட்டின் இலக்கணம் இவ்வளவுதான். தையல் இயந்திரத்தின் ஊசியைத் தூரிகையாகக் கொண்டு அதன் மேல்பரப்பில் உருவம் தீட்டி, சுவரில் மாட்டுவதற்கென்றே செய்யப்படும் சிறு துண்டு நூலோவியக் குவில்ட் எனப்படுகிறது. பெரும்பாலானவை ஓரடிச் சதுரத்துக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவில் 1990களில் இது தனி வகையாகத் தலையெடுத்தது. அதன் வரலாற்றைச் சொல்வோர் பலரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: போர்வை கட்டிலை விட்டுச் சுவருக்குப் போனது, சுவருக்குப் போனதும் கலையாயிற்று. சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்கவில்லை. அடுக்குகளைப் பிணைக்கும் தையலே படத்தையும் வரையத் தொடங்கும்போதுதான் இந்தக் கலை பிறக்கிறது. அருங்காட்சியகங்கள் குவில்ட்டைக் கண்டுகொள்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஒன்றையொன்று அறியாத ஊர்களில் அது நடந்திருக்கிறது.

எஞ்சியிருக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் உருவான டிரிஸ்டன் குவில்ட். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் ஃப்ளோரன்ஸ் நகரத்து பார்ஜெல்லோவிலும் அது பாதுகாக்கப்படுகிறது. வீரன் டிரிஸ்டனின் கதை லினன் துணியில் காட்சி காட்சியாகத் தைக்கப்பட்டிருக்கிறது. பழுப்பு நூல் உருவங்களின் கோட்டை வரைகிறது. உள்ளே அடைத்த பஞ்சு ஆளையும் குதிரையையும் கப்பலையும் புடைக்க வைக்கிறது. அந்தப் பழுப்பைத் தவிர அங்கே வண்ணம் என்று எதுவும் இல்லை. தையல் அழுத்திய பள்ளமும் பஞ்சு எழுப்பிய மேடும் நிழலும் மட்டுமே படத்தை உண்டாக்குகின்றன. தையலைப் பிரித்தால் அடுக்குகள் கழன்றுவிடும், அதே நொடியில் கதையும் போய்விடும்.

இதைவிட வலுவான சான்று வங்காளத்துக் காந்தா. நைந்துபோன சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் பெண்கள் வீட்டில் தைத்தவை அவை. கொல்கத்தா அருகே உள்ள, குருசதய் தத் திரட்டிய தொகுப்பில் 19ஆம் நூற்றாண்டுக் காந்தாக்கள் பல உள்ளன. நடுவில் உள்ள தாமரையை உற்றுப் பார்த்தால் வேலையின் நுட்பம் தெரியும். இதழை வண்ண நூல் நிரப்புகிறது. அதை விட்டு வெளியே வந்ததும் வெள்ளை ஓட்டுத்தையல் இதழின் வளைவையே பின்பற்றி வரி வரியாக விரிகிறது. ஒவ்வொரு வரியும் துணியைச் சற்றே சுருக்குவதால் தாமரையைச் சுற்றிலும் மெல்லிய அலைகள் எழுகின்றன. பின்னணியை நிரப்பும் வேலையும் அடுக்குகளைப் பிணைக்கும் வேலையும் அங்கே ஒரே ஓட்டத்தில் நடக்கின்றன. படுக்கை விரிப்பு அளவில் மட்டும் இவற்றைச் செய்யவில்லை என்பதும் முக்கியம். கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்கும் ஆர்ஷிலதா, கைக்குட்டை அளவேயான ருமால் போன்ற சிறு காந்தாக்களிலும் அதே கவனமும் அதே செறிவும் இருந்தன. சிறு குவில்ட்டில் படம் தைப்பதை அமெரிக்கப் புதுமையாக எழுதும் நூல்கள் காந்தாவைத் தனி அத்தியாயத்தில் ஒதுக்கிவிடுவது வரலாற்றுக்குச் செய்யும் குறை. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லைதான். ஆனால் தைப்பவர் முன் நின்ற சிக்கல் ஒன்றே, அதற்குக் கண்ட விடையும் ஒன்றே.

நூலால் ஓவியம் தீட்டுவது எண்ணெய் ஓவியத்தைப் பார்த்துச் செய்யும் நகல்வேலை, தனிக் கலையாகாது என்று மறுப்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கைகொடுக்கும் உதாரணம் இங்கிலாந்தின் மேரி லின்வுட். 1755 முதல் 1845 வரை வாழ்ந்த அவர், சாயமேற்றிய கம்பளி நூலால் கெய்ன்ஸ்பரோ, ரெனால்ட்ஸ் போன்றோரின் ஓவியங்களைப் பெரிய அளவில் தைத்தார். 1809இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் திறந்த அவருடைய கூடத்துக்குப் பல ஆண்டுகள் கூட்டம் திரண்டது. அவர் மறைந்த மறு ஆண்டு நடந்த ஏலத்தில் அவை அடிமாட்டு விலைக்குப் போயின. ஓவியத்தைப் போலவே இருப்பதுதான் பெருமை என்றால் உண்மையான ஓவியம் வந்ததும் அந்தப் பெருமை கரைந்துவிடும் என்பது சரியான வாதமே. ஆனால் அது லின்வுட்டின் முறைக்கு மட்டும் பொருந்தும். சீனத்து ஷென் ஷோ அதே கவலையை வேறு விதமாகத் தீர்த்தார். 1911இல் டூரினில் காட்டப்பட்ட இத்தாலிய ராணி எலெனாவின் உருவப்படத்திலும், 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் காட்டப்பட்ட ஏசுவின் படத்திலும் அவர் பட்டு நூலின் திசையையே ஒளியாக்கினார். ஒரே நிற நூல் திசை மாறும்போது வேறு விதமாக மின்னும். தூரிகையில் அதற்கு ஈடு கிடையாது. நூல் தன் இயல்பை மறைக்காத இடத்தில் நகல் என்ற பேச்சுக்கே இடமில்லை. குவில்ட்டில் அந்த இயல்போடு அடுக்கின் மேடும் பள்ளமும் சேர்ந்துகொள்வதால் மூலத்திலிருந்து விலகல் இன்னும் கூடுகிறது.

இயந்திரத்தின் பங்கைச் சொல்லாமல் இந்த வரலாறு நகராது. எலியாஸ் ஹவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்ற இயந்திரங்கள் நேர்த்தையலுக்காக உருவானவை. பின்னாளில் பரவலான அமைப்பில், ஊசித் தகட்டுக்கு அடியில் உள்ள பற்கள் துணியைச் சீராகத் தள்ளும். தைப்பவர் அதை நேராகப் பிடித்துக்கொடுத்தால் போதும். அந்தப் பற்களை இறக்கிவிட்டாலோ தகடு வைத்து மூடிவிட்டாலோ துணியை நகர்த்தும் பொறுப்பு முழுவதும் கைக்கு வந்துவிடும். சிங்கர் நிறுவனமே இதைப் பயன்படுத்தித் தன் வேலைக்கூடப் பெண்களைக் கொண்டு பூக்களையும் நிலக்காட்சிகளையும் தைத்துக் காட்சிக்கு வைத்தது, கற்றுக்கொடுக்கும் கையேடுகளையும் வெளியிட்டது. லண்டன் சிங்கர் கூடத்தில் இளம் வயதிலேயே வேலைக்குச் சேர்ந்த டோரதி பென்சன் பின்னாளில் கலைப்பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி தந்தார். ரெபெக்கா கிராம்ப்டன் 1930களில் இயந்திரத் தையலைக் கோட்டோவியத்துக்குரிய விடுதலையோடு கையாண்டார். விளம்பரத்துக்காகத் தொடங்கிய ஒன்று இப்படித்தான் கலைப்பள்ளிக்குள் நுழைந்தது. நம் ஊர்த் தையல் பயிற்சிக் கூடங்களில் மர வளையத்தில் துணியைக் கவிழ்த்துப் பூட்டி, பாதத்தைக் கழற்றிவிட்டுக் கற்பிக்கப்படும் மெஷின் எம்பிராய்டரியும் இதே முறைதான். குவில்ட்டோடு அது சேரவில்லை, அவ்வளவே.

அமெரிக்கக் குவில்ட்டில் இயந்திரமும் படமும் சேர்ந்த கதைக்கு ஹாரியட் பவர்ஸ் இன்றியமையாதவர். ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்த அவர் தைத்த பைபிள் குவில்ட் 1886இல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் அதை விலைக்குக் கேட்டபோது பவர்ஸ் மறுத்தார். சில ஆண்டுகளில் வறுமை நெருக்க, 5 டாலருக்குக் கொடுத்தார். பிறகும் அதைப் பார்ப்பதற்காக அவர் பலமுறை ஸ்மித்தின் வீட்டுக்குப் போனார். இன்று அது ஸ்மித்சோனியனில் இருக்கிறது. அடுத்து அவர் செய்த 15 கட்டங்கள் கொண்ட படக் குவில்ட் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. 1833 நவம்பர் 13 அன்று விண்கற்கள் மழைபோல் பொழிந்த இரவு அதில் ஒரு கட்டம். பவர்ஸ் பிறப்பதற்கு முன் நடந்து, வாய்மொழியாக அவரை வந்தடைந்த நிகழ்ச்சி அது. வெட்டிய துணி உருவங்களை மேலே வைத்துத் தைத்த அப்ளிக் வேலை இது. நூலோவியம் என்று சொல்ல முடியாது. ஆனால் பைபிள் குவில்ட்டில் கைத்தையலும் இயந்திரத் தையலும் கலந்திருக்கின்றன. இயந்திரம் நுழைந்தால் குவில்ட்டின் தூய்மை போய்விடும் என்று நூறாண்டு கழித்து வாதிட்டவர்கள், நாடே போற்றும் இந்தக் குவில்ட்டை மறந்துவிட்டார்கள்.

1971இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் ஜோனதன் ஹோல்ஸ்டைனும் கெய்ல் வான் டெர் ஹூஃபும் நடத்திய அமெரிக்கக் குவில்ட் கண்காட்சியைத்தான் பலரும் தொடக்கப் புள்ளியாகக் காட்டுகிறார்கள். அதன் செல்வாக்கு பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே தேர்வானவை நவீன அரூப ஓவியத்தை நினைவூட்டிய வடிவியல் குவில்ட்டுகள். தூரத்தில் நின்று ஓவியமாகப் பார்க்க வேண்டும் என்பதே அந்தக் கண்காட்சியின் பார்வை. கிட்டப் போனால்தான் தெரியும் தையலுக்கும், கதை சொல்லும் படக் குவில்ட்டுக்கும், பூத்தையலுக்கும் அதில் இடமில்லை. 1979இல் ஒஹாயோவின் ஏதென்ஸில் தொடங்கிய குவில்ட் நேஷனல் கண்காட்சியின் ஆரம்ப ஆண்டுகளிலும் துண்டிணைப்பே மேலோங்கியது. விட்னிதான் இக்கலையைப் பிறப்பித்தது என்றால், நூலோவியம் குவில்ட்டுக்குள் வர மேலும் 20 ஆண்டுகள் ஏன் பிடித்தது என்பதற்கு விடை வேண்டும். சுவர் கிடைத்தபோதும் இயந்திரத் தையலுக்கு மதிப்பு கிடைக்கவில்லை என்பதே விடை.

அந்த மதிப்பு வந்த ஆண்டைத் துல்லியமாகவே சொல்லலாம். கென்டக்கியின் படூகா நகரில் அமெரிக்கக் குவில்ட் சங்கம் நடத்தும் கண்காட்சியில் 1989இல் கேரில் பிரையர் ஃபாலர்ட்டின் சூரிய கிரகணக் குவில்ட் முதற்பரிசு பெற்றது. முழுவதும் இயந்திரத்தால் தைத்த குவில்ட் ஒன்றுக்கு அங்கே அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை. கையால் தைக்காதது குவில்ட்டே ஆகாது என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயமான கவலை ஒன்று இருந்தது: கையின் மெதுவான உழைப்புக்கு மதிப்பில்லாமல் போய்விடுமோ என்பது. பற்களை இறக்கித் தைப்பதைக் கவனித்தால் அந்தக் கவலை தீரும். தையலின் நீளம் எங்கும் குறித்து வைக்கப்படவில்லை. ஊசியின் வேகத்துக்கும் கையின் வேகத்துக்கும் உள்ள உறவே நீளம். கை தயங்கினால் நூல் ஒரே இடத்தில் குவியும், விரைந்தால் தையல் நீண்டு தொங்கும். இருவர் ஒரே இயந்திரத்தில் ஒரே இலையைத் தைத்தாலும் கோடு வேறாகவே வரும். அடுத்த பத்தாண்டில் லிபி லேமன், எலன் ஆன் எடி போன்றோரின் நூல்களும் வகுப்புகளும் இம்முறையைப் பரப்பின.

சிறு அளவு எப்படி வந்தது என்பதற்குத் துணியே ஒரு காரணம். ஒரு பறவையின் சிறகைத் தைப்பவர் அடர்நிறத்தில் தொடங்கி, இறகின் போக்கிலேயே முன்னும் பின்னும் ஓட்டி, இடைநிறத்தை அதன் மேல் கலந்து, கடைசியில் வெளிர்நூலால் ஓரத்தைத் தொடுகிறார். பாபின் நூல் மேலே எட்டிப் பார்க்காதபடி மேல்நூலின் இறுக்கத்தைத் தளர்த்தி வைக்கிறார். இப்படி ஆயிரக்கணக்கில் விழும் தையல்கள் துணியை நாற்புறமும் உள்ளே இழுக்கும். தைத்த இடம் விறைத்துத் தட்டையாகும். தைக்காத இடம் உப்பி நிற்கும். பெரிய குவில்ட்டில் இந்த ஏற்றத்தாழ்வு ஓரங்களை அலைய வைத்துவிடும். சிறிய துண்டில் ஆவி காட்டி இழுத்துப் பொருத்தி, ஓரத்தை வெட்டிச் சரிசெய்யலாம். வீட்டு இயந்திரத்தின் கைக்குள் சுருட்டித் திணிக்க வேண்டிய தொல்லையும் இல்லை.

அஞ்சல் மற்றொரு காரணம். 1997இல் ஸூரிக்கில் ஸ்டிர்னெமன் தொடங்கிய, சீட்டுக்கட்டு அளவிலான கலைஞர் பரிமாற்ற அட்டைகள் துணிக்கலைஞர்களையும் ஈர்த்தன. 2002இல் கேரி பிரெசென்ஹன் முன்னெடுத்த நாட்குறிப்புக் குவில்ட் திட்டம் சாதாரணக் கடிதத்தாளின் அளவையே, எட்டரைக்கு 11 அங்குலத்தையே வரம்பாக்கியது. ஏமி சிம்ஸ் 2006இல் தொடங்கிய அல்சைமர் குவில்ட் முயற்சி 9க்கு 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்றது, அஞ்சல் உறைக்குள் அது போக வேண்டும் என்பதற்காக. 2013 வரை நடந்த அந்த முயற்சி ஆராய்ச்சிக்காக 10 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டியது. உறைக்காகச் சுருங்கியதில் கலை எங்கே என்று கேட்கலாம். வரம்பு வெளியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் பெரிய குவில்ட் ஒன்றுக்கு மாதங்கள் செலவிடுபவர் தவறிப்போகும் சோதனையில் துணிந்து இறங்கமாட்டார். சில நாளில் முடியும் சிறு துண்டில் இறங்குவார். அடர்த்தியாகத் தைப்பதன் எல்லைகளை இத்தலைமுறை கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்தச் சிறு துண்டுகளில்தான்.

கடைசியாக ஒரு மறுப்பு இக்கட்டுரையின் அடிப்படையையே தொடுகிறது. சுருக்கத்துக்கு அஞ்சி, உருவத்தைத் தனியாக ஒரு தாங்குதாளில் தைத்து, வெட்டி, பிறகு குவில்ட்டின் மேல் பொருத்துபவர்கள் பலர். அங்கே படத்தையல் வேறு, பிணைப்புத்தையல் வேறு ஆகிவிடுகிறது அல்லவா? ஆகிறது. பொருத்தியபின் உருவத்தின் ஊடே மீண்டும் தைத்து மூன்று அடுக்கையும் பிணைத்தால் அது நூலோவியக் குவில்ட். ஓரத்தை மட்டும் பிடித்து விட்டுவிட்டால், குவில்ட்டின் மேல் ஒட்டிய எம்பிராய்டரி. கரோல் ஷின் துணியில் பதித்த புகைப்படத்தை முழுவதும் மறைத்துத் தைத்த நிலக்காட்சிகள் நூலோவியத்தின் சிகரங்களில் சேரும். அடுக்கு இல்லாததால் அவை குவில்ட் ஆகமாட்டா. 1989இல் இவோன் போர்செல்லா தொடங்கிய கலைக் குவில்ட் சங்கம் தன் வரையறையை விரித்து, அடுக்கித் தைத்த வடிவத்தை நினைவூட்டினாலே போதும் என்கிறது. கண்காட்சிக்கு ஆட்களைச் சேர்க்க அது உதவும். வரலாறு எழுத உதவாது. அந்த வரையறையில் டிரிஸ்டன் குவில்ட்டையும் சட்டத்தில் மாட்டிய பூத்தையலையும் பிரித்தறிய வழியில்லை. துண்டைத் திருப்பி அடித்துணியைப் பார்த்து, உருவத்தின் கோடுகள் அங்கேயும் வந்து விழுந்திருக்கின்றனவா என்று சோதிப்பதே இன்றும் நம்பத்தக்க வழி.