எண்ணுவோர் யார்? அமெரிக்கத் தலைவர் தேர்தலில் எழுந்த வழக்குகள்

ஒரு வாக்கியத்தில் எழுவாய் மறைந்து நின்றால் பொருள் மயங்கும் என்பது இலக்கணம் பயின்றோர் அறிந்ததே. அம்மயக்கம் ஒரு நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் நேர்ந்துவிட்டால் விளைவு எத்தகையதாக இருக்கும் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாறு தக்க சான்று தருகிறது.

1787-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் வகுக்கப்பட்ட அந்நாட்டு அரசியலமைப்பு, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுமிடத்து, மாநிலங்களிலிருந்து வரும் சான்றிதழ்களைச் செனட் சபையின் தலைவர் இரு சபையோர் முன்னிலையில் திறப்பார் என்றும், பின்னர் வாக்குகள் எண்ணப்படும் என்றும் விதிக்கிறது. திறப்பவர் யார் என்பது தெளிவாக உள்ளது. எண்ணுபவர் யார் என்பது கூறப்படவில்லை. செயப்பாட்டு வினை ஒன்று வினைமுதலை மறைத்துவிட்டது. ஒரே மாநிலத்திலிருந்து இரண்டு சான்றிதழ்கள் வந்தால் எதனை ஏற்பது, அதனை முடிவு செய்பவர் யார் என்னும் வினாக்களுக்கு அச்சட்டத்தில் விடை இல்லை.

தேர்வாளர் முறை

அமெரிக்க மக்கள் தம் தலைவரை நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலமும் காங்கிரஸின் இரு சபைகளிலும் தனக்கு எத்தனை உறுப்பினர் உளரோ அத்தனை தேர்வாளர்களை அமர்த்துகிறது. அத்தேர்வாளர்களின் வாக்கே தலைவரை ஆக்குகிறது. மொத்தத்தில் பாதிக்கு மேல் எவரும் பெறாவிடின் பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும். அங்கு உறுப்பினருக்கு ஒரு வாக்கு அன்று, மாநிலத்துக்கு ஒரு வாக்கு.

தொடக்கத்தில் ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு வாக்குகள் இருந்தன. மிகுதியாகப் பெற்றவர் தலைவர், அடுத்தவர் துணைத் தலைவர். கட்சிகள் தோன்றியதும் இம்முறை இடறியது. 1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரே கட்சியினரான தாமஸ் ஜெபர்சனும் ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமமாயினர். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பின்னரே, 1801 பிப்ரவரி 17 அன்று ஜெபர்சன் தெரிவு செய்யப்பட்டார். 1804-இல் நிறைவேறிய பன்னிரண்டாம் திருத்தம் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் தனித்தனி வாக்கு என்று விதித்தது. ஆயினும் எழுவாயற்ற அந்த வாக்கியத்தை அது திருத்தவில்லை.

வெளியிலிருந்து வந்தவர்

வாஷிங்டன் முதலாக முதல் ஆறு தலைவர்களும் வர்ஜீனியா, மாசசூசெட்ஸ் என்னும் இரண்டே மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். பதவி ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே சுழன்றது. அவ்வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டிய முதல்வர் டென்னசி மாநிலத்து ஆண்ட்ரூ ஜாக்சன் எனலாம். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். முறையான கல்வி குறைந்தவர். 1815-இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஆங்கிலப் படையை முறியடித்துப் புகழ் பெற்றவர். அவர் செனட் சபையிலும் அமர்ந்தவர்தாம். எனினும் தலைநகரத்துப் பெருமக்கள் அவரைத் தம்முள் ஒருவராகக் கொள்ளவில்லை.

1824-ஆம் ஆண்டுத் தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். ஜாக்சன் 99, ஜான் குவின்சி ஆடம்ஸ் 84, வில்லியம் கிராபோர்டு 41, ஹென்றி கிளே 37 எனத் தேர்வாளர் வாக்குகள் பிரிந்தன. வேண்டியது 131. ஆகவே முதல் மூவருள் ஒருவரைத் தெரிவு செய்யும் பொறுப்பு பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. நான்காம் இடத்தில் நின்று விலக்கப்பட்ட கிளேதான் அச்சபையின் தலைவர். தலைவர் ஆக இயலாதவர் தலைவரை ஆக்கும் நிலையை எய்தினார்.

கிளே ஆடம்ஸ் பக்கம் சாய்ந்தார். அவருடைய கென்டக்கி மாநிலத்துச் சட்டமன்றம் ஜாக்சனுக்கே வாக்களிக்குமாறு தன் பிரதிநிதிகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களுள் பெரும்பான்மையோர் அதனைப் புறக்கணித்தனர். 1825 பிப்ரவரி 9 அன்று 24 மாநிலங்களுள் 13 ஆடம்ஸுக்கு வாக்களித்தன. சில நாட்களில் ஆடம்ஸ் கிளேயை வெளியுறவுச் செயலாளராக அமர்த்த முன்வந்தார். அக்காலத்தில் அப்பதவி தலைமைப் பதவிக்கு ஏணியாகக் கருதப்பட்டது. பேரம் நிகழ்ந்தது என்னும் பழி அன்று எழுந்து இருவரையும் இறுதிவரை தொடர்ந்தது. முன்னரே உடன்பாடு செய்துகொண்டனர் என்பதற்கு ஐயமற்ற சான்று கிடைக்கவில்லை. ஆனால் அரசியலில் பழிக்குச் சான்று வேண்டுவதில்லை, தோற்றமே போதும்.

ஜாக்சனைச் சார்ந்தோர் அப்பழியையே கொடியாக ஏந்தி நான்கு ஆண்டுகள் உழைத்தனர். 1828-இல் அவர் 178 வாக்குகள் பெற்று ஆடம்ஸை வீழ்த்தினார். தலைவரானபின் காங்கிரஸுக்கு அனுப்பிய முதல் ஆண்டறிக்கையிலேயே, மக்களுக்கும் தலைவருக்கும் இடையில் நிற்கும் தேர்வாளர் முறையை நீக்க வேண்டும் என்று கேட்டார். அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை.

1876: இரண்டு சான்றிதழ்கள்

1824-இல் எண்ணிக்கையில் ஐயம் இல்லை. எண்ணியபின் தெரிவு செய்வதிலேயே வழக்கு எழுந்தது. எண்ணிக்கையே வழக்கானது 1876-இல்.

உள்நாட்டுப் போர் முடிந்து பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களுக்கு 1870-இல் நிறைவேறிய பதினைந்தாம் திருத்தம் வாக்குரிமையை உறுதி செய்திருந்தது. தென் மாநிலங்களில் அவ்வுரிமைக்குக் காவலாக நின்றது கூட்டரசின் படை. குடியரசுக் கட்சி ஓஹையோ ஆளுநர் ரதர்போர்டு ஹேய்ஸை நிறுத்தியது. ஜனநாயகக் கட்சி நியூயார்க் ஆளுநர் சாமுவேல் டில்டனை நிறுத்தியது. மக்கள் வாக்கில் டில்டன் சுமார் 250,000 முன்னின்றார். தேர்வாளர் வாக்கில் ஐயமின்றி அவருக்குக் கிடைத்தவை 184. வேண்டியவை 185. ஹேய்ஸுக்குக் கிடைத்தவை 165.

எஞ்சிய 20 வாக்குகள் வழக்கில் இருந்தன. புளோரிடாவின் 4, லூசியானாவின் 8, தென் கரோலினாவின் 7, ஓரிகனில் ஒன்று. அத்தென் மாநிலங்கள் மூன்றிலும் கறுப்பின வாக்காளரை அச்சுறுத்தியும் அடித்தும் கொன்றும் வாக்குச்சாவடிக்கு வராமல் தடுத்தனர் என்பது குடியரசுக் கட்சியினர் குற்றச்சாட்டு. அது பொய்யன்று, அவ்வாண்டு ஜூலையில் தென் கரோலினாவின் ஹாம்பர்க் என்னும் ஊரில் நிகழ்ந்த கொலைகள் அதற்குச் சான்று. வாக்குகளைச் சரிபார்க்கும் குழுக்கள் எதிர்க்கட்சியின் வாக்குகளை ஆயிரக்கணக்கில் தள்ளிவிட்டன என்பது ஜனநாயகக் கட்சியினர் குற்றச்சாட்டு. அதுவும் பொய்யன்று. ஒரு பக்கம் வன்முறை, மறுபக்கம் பேனாமுனை. மக்கள் தடையின்றி வாக்களித்திருந்தால் முடிவு என்னவாக இருந்திருக்கும் என்பதை இன்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது.

ஓரிகனின் வழக்கு வேறு வகை. அங்கு ஹேய்ஸே வென்றார். ஆனால் அவருடைய தேர்வாளருள் ஒருவர் அஞ்சல்துறை ஊழியர். கூட்டரசுப் பதவியில் இருப்பவர் தேர்வாளராதல் கூடாது என்பது விதி. அதனைக் காட்டி ஜனநாயகக் கட்சியினரான ஆளுநர் தம் கட்சிக்காரர் ஒருவரை அவ்விடத்தில் அமர்த்தினார்.

நான்கு மாநிலங்களிலிருந்தும் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றிதழ்கள் தலைநகரை அடைந்தன. எழுவாயற்ற வாக்கியம் இப்போது தன் வேலையைக் காட்டியது. துணைத் தலைவர் முந்திய ஆண்டே இறந்துவிட்டமையால் செனட் சபையை நடத்தியவர் குடியரசுக் கட்சியினர் ஒருவர். திறப்பவரே எண்ணலாம் எனின் ஹேய்ஸ் வெல்வார். இரு சபைகளும் இசைந்தே எண்ண வேண்டும் எனின், ஜனநாயகக் கட்சியின் கையிலிருந்த பிரதிநிதிகள் சபை அவ்வாக்குகளைத் தடுத்துவிடும். இலக்கண ஐயம் ஆட்சி ஐயமாயிற்று. டில்டனுக்கு ஆட்சி, இன்றேல் குருதி என்று சிலர் முழங்கினர். மீண்டும் ஒரு போர் வருமோ என்று நாடு அஞ்சியது.

பதினைவர் குழு

1877 ஜனவரி இறுதியில் காங்கிரஸ் ஒரு சிறப்புச் சட்டம் இயற்றியது. பிரதிநிதிகள் ஐவர், செனட்டர் ஐவர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவர் ஆகப் பதினைவர் குழு வழக்கைத் தீர்க்கும். இரு கட்சிகளுக்கும் எழுவர் எழுவராக, எக்கட்சியும் சாராத டேவிட் டேவிஸ் என்னும் நீதிபதி பதினைந்தாமவராக அமைவார் என்று எதிர்பார்த்தனர். ஆனால் அந்நேரத்தில் இலினாய்ஸ் சட்டமன்றம், ஜனநாயகக் கட்சியினர் துணையுடன், அவரையே செனட்டராகத் தெரிவு செய்துவிட்டது. அவர் விலகினார். எஞ்சிய நீதிபதிகள் அனைவரும் குடியரசுக் கட்சிச் சார்பினர். அவர்களுள் ஜோசப் பிராட்லி அவ்விடத்தை நிரப்பினார். நடுநிலையாளர் அமர வேண்டிய இருக்கை இவ்வாறு கட்சிக்காரர் இருக்கை ஆயிற்று. ஒவ்வொரு வழக்கிலும் தீர்ப்பு எட்டுக்கு ஏழு. இருபது வாக்குகளும் ஹேய்ஸுக்கே சென்றன. 185-க்கு 184. ஒரே வாக்கு வேற்றுமை.

பிரதிநிதிகள் சபையில் சிலர் காலங்கடத்தித் தடுக்க முயன்றனர். அத்தடை தளர்வதற்கு முன் வாஷிங்டன் நகரத்து வொர்ம்லி விடுதியில், பிப்ரவரி 26 அன்று, இரு கட்சியினரும் கூடிப் பேசினர். தென் மாநிலங்களின் ஆட்சி தென்னாட்டு ஜனநாயகக் கட்சியினரிடம் விடப்படும் என்பது அப்பேச்சின் சாரம். மார்ச் 2 விடியுமுன் எண்ணிக்கை முடிந்தது. மார்ச் 4 ஞாயிற்றுக்கிழமையாதலின் முதல்நாள் சனிக்கிழமையே வெள்ளை மாளிகையில் ஹேய்ஸ் மறைவாக உறுதிமொழி ஏற்றார். திங்கட்கிழமை வெளிப்படையாக மீண்டும் ஏற்றார். ஏப்ரல் மாதத்தில் தென் கரோலினா, லூசியானா ஆட்சி மன்றங்களைக் காத்துநின்ற படை விலக்கப்பட்டது.

பேரம் நடந்த விடுதியின் உரிமையாளர் ஜேம்ஸ் வொர்ம்லி என்னும் கறுப்பினப் பெருமகன். அக்கூரையின் கீழ்க் கைமாறியது அவர் இனத்தாரின் பாதுகாப்பு. அப்பேச்சு நிகழாவிடினும் படை விலகியிருக்கும் என்று கருதும் வரலாற்றாசிரியரும் உளர். விளைவில் கருத்து வேற்றுமை இல்லை. வாக்குவரி, எழுத்தறிவுத் தேர்வு போன்ற சூழ்ச்சிகளால் கறுப்பின மக்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். லூசியானாவில் 1896-இல் சுமார் 130,000 கறுப்பின வாக்காளர் பதிவாகியிருந்தனர். 1904-இல் எஞ்சியவர் 1,342 பேர். அவ்வுரிமை மீள்வதற்கு 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மூன்றாமவர் எண்ணியது

1876-இன் படிப்பினையை ஏற்று 1887-இல் காங்கிரஸ் எண்ணிக்கைச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் சொற்கள் சிக்கலானவை. ஆயினும் நெடுநாள் அது சோதிக்கப்படவில்லை. அடைபடாது நின்ற மற்றொரு வழி, எவரும் பெரும்பான்மை பெறாமற் போவது. 1968-இல் அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ் அவ்வழியையே நாடினார். இன ஒதுக்கலை நிலைநாட்ட விழைந்த அவர் தாம் வெல்வோம் என்று நம்பவில்லை. இருவரும் வெல்லாதபடி நடுவில் நின்று விலை பேசலாம் என்று எண்ணினார். அவர் 46 வாக்குகள் பெற்றார். நிக்சன் பெற்றவை 301, ஹம்ப்ரி பெற்றவை 191. நிக்சன் குறுகிய வேற்றுமையில் வென்ற இலினாய்ஸின் 26-உம் மிசௌரியின் 12-உம் ஹம்ப்ரிக்குச் சென்றிருந்தால் நிக்சனுக்கு 263-ஏ நின்றிருக்கும். வேண்டிய 270 எவருக்கும் இல்லை. அந்நிலையில் 1877-இன் விடுதிப் பேச்சு மற்றொரு விடுதியில் நிகழ்ந்திருக்கலாம். அன்றும் பேரப் பொருள் அம்மக்களின் உரிமையாகவே இருந்திருக்கும்.

இவ்வச்சத்தால் 1969-இல் நேர்முகத் தேர்தல் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 338-க்கு 70 என்னும் வாக்கில் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு செனட் சபையில் நீண்ட பேச்சுகளால் அது மடிந்தது. வாலஸைப் போல ஒரு நிலப்பகுதியில் குவியாத ஆதரவு பயன் தருவதில்லை என்பதை 1992 காட்டியது. கட்சி சாராத செல்வர் ராஸ் பெரோ அவ்வாண்டில் ஏறத்தாழ 19 விழுக்காடு மக்கள் வாக்குப் பெற்றும் ஒரு தேர்வாளரையும் பெறவில்லை. வெளியார் வெல்ல வேண்டுமாயின் ஒரு பெருங்கட்சிக்குள் நுழைந்தே வெல்ல வேண்டும் என்பது இதனாற் புலப்படும். அரசுப் பதவியோ படைப் பதவியோ முன்பு வகித்திராத டொனால்டு டிரம்ப் 2016-இல் அவ்வழியே வென்றார். அவ்வெற்றியிலும் மக்கள் வாக்கில் எதிராளியே முன்னின்றார்.

எழுவாய் கிடைத்தது

2000-ஆம் ஆண்டில் புளோரிடாவின் 537 வாக்குகள் தலைமையை முடிவு செய்தன. மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் தீர்ப்பால் நிறுத்தியது. தோற்ற ஆல் கோர் தீர்ப்பை ஏற்று விலகினார். 2020-இல் தோற்ற டிரம்ப் ஏற்கவில்லை. வழக்குகள் அறுபதுக்கு மேல் தொடுக்கப்பட்டு, ஏறத்தாழ அனைத்தும் தோல்வியுற்றன. அதன்பின் அந்தப் பழைய வாக்கியம் மீண்டும் எடுக்கப்பட்டது. திறப்பவரான துணைத் தலைவரே சில வாக்குகளை ஒதுக்கலாம் என்று வாதிட்டனர். துணைத் தலைவர் மைக் பென்ஸ் அதற்கு இசையவில்லை. 2021 ஜனவரி 6 அன்று எண்ணிக்கை நடந்த கட்டடத்தினுள் கூட்டம் புகுந்தது. எண்ணிக்கை சில மணி நேரம் தடைப்பட்டு இரவில் தொடர்ந்து விடியுமுன் முடிந்தது.

2022 டிசம்பரில் இயற்றப்பட்ட சீர்திருத்தச் சட்டம், துணைத் தலைவரின் பணி சடங்கு அளவினதே என்று வெளிப்படக் கூறிற்று. மறுப்பு எழுப்புவதற்கு ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் கையெழுத்து வேண்டும் என்றும் விதித்தது. 1787-இல் விடுபட்ட எழுவாய்க்கு 235 ஆண்டுகள் கழித்து உரை கிடைத்தது எனலாம்.

மற்றொரு விதி இன்றும் மாறவில்லை. எவரும் பெரும்பான்மை பெறாவிடின் முடிவு பிரதிநிதிகள் சபைக்கே செல்லும். மக்கள் மிகுந்த கலிபோர்னியாவுக்கும் ஒரு வாக்கு. மக்கள் குறைந்த வயோமிங்குக்கும் ஒரு வாக்கு. 1825-க்குப் பின் தலைவர் தேர்தலில் அக்கதவு திறக்கப்படவில்லை. மூடிக் கிடப்பதால் அது இல்லையென்று ஆகாது. வலியார் இருவர் அறைக்குள் அமர்ந்து வழக்கைத் தீர்க்கும்போது அதன் விலையை அறைக்கு வெளியே நிற்பவரே கொடுக்க நேரும் என்பதே 1877 விட்டுச்சென்ற பாடம்.