முல்ஷி உழவர்களின் அறப்போர்

விசையைத் தட்டினால் விளக்கு எரிகிறது. அந்த மின்சாரம் பிறக்கும் இடத்தில் முன்பு யார் வாழ்ந்தார்கள் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? வாருங்கள், புனே நகருக்கு மேற்கேயுள்ள முல்ஷிப் பள்ளத்தாக்குக்குச் செல்வோம்.

மேற்குத் தொடர்ச்சி மலைமேல் அமைந்த இப்பள்ளத்தாக்கில் மூலா, நிலா என்னும் ஆறுகள் கூடுகின்றன. பருவமழை மிகுதியாகப் பெய்வதால் அங்கே நெல் நன்கு விளைந்தது. ஆறுகள் கிழக்கு நோக்கி ஓடுகின்றன. ஆனால் மலையின் மேற்குப் பக்கம் கொங்கணக் கரையை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. அணை கட்டி, நீரை மேற்கே திருப்பினால் அது ஏறத்தாழ 500 மீட்டர் கீழே பாயும். அந்த விசையால் டர்பைன்களைச் சுழற்றலாம். பம்பாய்க்கு மின்சாரம் தேவைப்பட்டது. டாட்டா நிறுவனம் இத்திட்டத்தை மேற்கொண்டது.

நீர் தேங்கவிருந்த இடத்தில் 50க்கு மேற்பட்ட ஊர்கள் இருந்தன. 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி அரசு நிலத்தை எடுத்துக் கொடுத்தது. 1921 ஏப்ரல் 16 அன்று, இராம நவமி நாளில், உழவர்கள் அணை கட்டும் இடத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கினர். 'சேனாபதி' என்று மக்கள் அழைத்த பாண்டுரங்க மகாதேவ் பாபட் அவர்களை வழிநடத்தினார். பலர் சிறை சென்றனர்.

இப்போராட்டம் ஏன் வெற்றி பெறவில்லை? நிலங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே புனே லேவாதேவிக்காரர்களின் கைக்குப் போயிருந்தது. உழுதவர்கள் குத்தகைக்காரர்களே. இழப்பீடோ பத்திரம் வைத்திருந்தவர்களுக்குத்தான். நல்ல விலை கிடைக்கும் என்றதும் உரிமையாளர் பலர் விலகிக்கொண்டனர். குத்தகைக்காரர்கள் தனித்து நின்றனர். 1924இல் போராட்டம் ஓய்ந்தது. 1927இல் மலையடிவாரத்திலுள்ள பீரா மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அது இன்றும் மின்சாரம் தருகிறது.

திட்டம் பயனுள்ளதே, அதில் ஐயமில்லை. ஆனால் நீரின் உயரத்தை அளந்தவர்கள், நிலத்தை நம்பி வாழ்ந்தவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. நிலத்தின் சொந்தக்காரர் யார் என்று மட்டுமே சட்டம் கேட்டது. அதை நம்பிப் பிழைப்பவர் யார் என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வி சட்டத்தில் இடம்பெற நெடுங்காலம் ஆயிற்று. 1894ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2013இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. மூன்றாண்டுகளாக அந்நிலத்தை நம்பி வாழும் குத்தகைக்காரரும் விவசாயக் கூலிகளும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே என்று அது கூறுகிறது. திட்டத்தால் மக்களுக்கு நேரும் விளைவுகளை முன்கூட்டியே ஆராய வேண்டும் என்றும் விதிக்கிறது. முல்ஷி உழவர்கள் கிளர்ந்தெழுந்து அப்போது 92 ஆண்டுகள் கடந்திருந்தன.

அடுத்த முறை நீங்கள் ஓர் அணையைக் காணச் செல்லும்போது அதன் உயரத்தையும் கொள்ளளவையும் குறித்துக்கொள்ளுங்கள். நீருக்கடியில் எத்தனை ஊர்கள் உள்ளன, அவ்வூரார் எங்கே போனார்கள் என்பதையும் கேட்டறியுங்கள்.