இமயத்தின் நான்கு கணவாய்கள்: எது கடினம்?

படிப்பு முடிந்த கையோடு, அல்லது ஒரு வேலை விட்டு மறு வேலை தொடங்கும் இடைவெளியில், நேபாளம் போகப் போகிறோம் என்று எங்கள் பிள்ளைகள் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. முன்பு எவரெஸ்ட் அடிவார முகாமோடு திரும்பினார்கள். இப்போது 'மூன்று கணவாய்' நடை என்கிறார்கள். வீட்டில் இருக்கும் நாங்கள் தேடிப் பார்த்தால் முதலில் அகப்படுவது மூன்று உயரங்கள்: கொங்மா லா 5,535 மீற்றர், சோ லா 5,420, ரென்ஜோ லா 5,360. 'லா' என்றால் திபெத்திய மொழியில் கணவாய். வரைபடத்துக்கு வரைபடம் உயரம் சில பத்து மீற்றர் வேறுபடும். இந்த இலக்கங்களை மட்டும் வைத்து எது கடினம் என்று சொல்வது, ஒரு கடையின் விற்பனைத் தொகையைப் பார்த்துவிட்டு இலாபம் சொல்வது போன்றது.

உயரம் பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர். நடை தொடங்கும் லுக்லா விமான நிலையமே அதைவிட 300 மீற்றர் கூட. சுவிஸில் இருப்பவர்கள் விருந்தினரைக் கூட்டிப்போகும் யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீற்றர். அங்கே நாலு படி ஏறினாலே பலருக்கு மூச்சு வாங்கும். ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும் நாம்சே பஜாரில்தான் நடைக்காரர் தொடக்கத்தில் இரண்டு மூன்று இரவு தங்கி உடம்பைப் பழக்குகிறார்கள். அல்ப்ஸின் உச்சியான மொன் பிளாங்கைவிடவும் மூன்று கணவாய்களும் 500 மீற்றருக்கு மேல் உயரம். 5,500 மீற்றரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான்.

ஆனால் இந்தச் சுமை மூன்றுக்கும் பொது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் இரவு எங்கே படுத்தார்கள், அன்று எவ்வளவு ஏறி எவ்வளவு இறங்க வேண்டும், காலுக்குக் கீழே கல்லா பனிக்கட்டியா, நடுவழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் திரும்ப இடம் உண்டா என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

கொங்மா லாவை நாங்கள் முதலில் வைக்கிறோம். 4,730 மீற்றரில் உள்ள சுக்குங்கில் விடிய முன் புறப்பட்டு 800 மீற்றர் ஏற வேண்டும். வழியில் தேநீர்க் கடையோ தங்குமிடமோ இல்லை. தண்ணீரும் சாப்பாடும் கையோடு. அந்தப் பக்கம் 600 மீற்றர் கற்பாறை இறக்கம் முடிந்து, எதிரே லோபுசே விடுதிகளின் கூரை தெரியும்போது, இனி முடிந்தது என்று தோன்றும். இடையில் கும்பு பனியாறு கிடக்கிறது. மேலே முழுக்கக் கல்லும் மண்ணும் மூடியது. பனி உருகுவதால் பாதை வருடத்துக்கு வருடம் இடம் மாறும். களைத்துப்போன கால்களோடு, பொழுது சாயும் நேரத்தில், அதைக் கடக்க வேண்டும். எட்டு முதல் பத்து மணிநேர நாள் இது. ஆட்கள் குறைவாகப் போவதால் புதுப்பனி விழுந்தால் காலடித் தடமும் இருக்காது.

சோ லாவில் ஏற்றம் குறைவு. ட்சொங்லாவிலிருந்து போனால் 600 மீற்றருக்கு உள்ளேதான். ஆனால் பலரும் பயப்படுவது இதற்குத்தான், பயத்தில் நியாயமும் உண்டு. கிழக்குப் பக்கம் பனியாற்றின் மேலேயே நடக்க வேண்டும். சப்பாத்தில் மாட்டும் இரும்பு முட்கள் இல்லாமல் போகக் கூடாது. காத்மண்டுவில் தமேல் கடைகளில் அவை வாங்கலாம், பாரமும் இல்லை. மேற்குப் பக்கம் தக்நக் நோக்கிச் செங்குத்தான கல்லிறக்கம். வெயில் ஏறி, கற்களைப் பிடித்திருக்கும் உறைபனி இளகினால் கல் உருளும். ஆகவே இங்கே வேகத்தைவிட நேரம் முக்கியம்: எல்லாம் உறைந்திருக்கும் காலையிலேயே கடந்துவிட வேண்டும். மறுநாள் கோக்கியோ போக இன்னொரு பனியாறு, நேபாளத்திலேயே மிக நீளமான ங்கொசும்பா.

ரென்ஜோ லாதான் மூன்றிலும் இலகு. மேற்குப் பக்கத்தில் நெடுந்தூரம் கற்படிகள் கட்டியிருக்கிறார்கள். கோக்கியோவிலிருந்து 570 மீற்றர் ஏற்றம், பிறகு லுங்டென் வரை ஏறக்குறைய 1,000 மீற்றர் இறக்கம். ஐம்பதைக் கடந்த எங்களுக்கு ஏற்றத்தைவிட இந்த இறக்கம்தான் முழங்காலில் தெரியும். எதிர்த்திசையில் வந்தாலோ அந்த 1,000 மீற்றரும் ஏற்றமாகிவிடும். கணவாய் அதேதான், நாள் வேறு. உச்சியில் கோக்கியோ ஏரியும் எவரெஸ்டும் ஒன்றாகத் தெரியும் காட்சிக்காக அப்படி வருபவர்களும் உண்டு.

இனி அன்னபூர்ணா சுற்றில் இருக்கும் தொரோங் லா. 5,416 மீற்றர். கயிறு வேண்டாம், பனியாறு இல்லை, பாதை அகலம், உச்சியிலேயே ஒரு தேநீர்க் கடை. எந்தப் பட்டியலிலும் 'கடினமில்லை' என்றே எழுதியிருப்பார்கள். 2014 ஒக்டோபர் 12-இல் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இரண்டு நாளில் இமயத்தை அடைந்து பெரும் பனிப்புயலாகக் கொட்டியது. அந்தப் பகுதியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். தொரோங் லாவைக் கடந்து முக்திநாத் பக்கம் இறங்கும்போது வழி தெரியாமல் போனவர்கள் அதில் பலர். வெளிநாட்டவர்களோடு நேபாள வழிகாட்டிகளும் சுமைகாரர்களும் சேர்த்தி. ஒக்டோபர் நடைக்கு மிக நல்ல மாதம் என்று சொல்லப்படுவது. இந்தக் கணவாயின் கடினம் பாதையில் இல்லை. ஃபேடியிலிருந்து 900 மீற்றர் ஏறி, பிறகு 1,600 மீற்றர் இறங்கும்வரை ஒதுங்க இடம் மிகக் குறைவு, அதுதான் கடினம். வங்காள விரிகுடாவில் புயல் இருந்தால் மனாங்கில் இரண்டு நாள் சும்மா இருப்பதே சரி.

அந்த இரண்டு நாள் எங்கள் பிள்ளைகளிடம் இருப்பதில்லை. இரண்டு வாரம்தான் விடுமுறை, திரும்பும் விமானம் மாற்ற முடியாதது. மூன்று கணவாய்க்கு லுக்லாவிலிருந்து லுக்லா வரை 18 நாளாவது வேண்டும். 3,000 மீற்றருக்கு மேல் ஒரு நாளைக்குத் தூங்கும் உயரம் 500 மீற்றருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் தங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் விதி. 14 நாளுக்குள் அடக்க நினைப்பவர்கள் வெட்டுவது இந்த ஓய்வு நாட்களைத்தான். அதைவிட ஒரு கணவாயை வெட்டலாம். கொங்மா லாவை விட்டு டிங்போசே, துக்லா வழியாக லோபுசே போகலாம். சோ லா மூடியிருந்தால் போர்ட்சே வழியாகச் சுற்றலாம். தலையிடியோடு குமட்டல் வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால், இரவென்றாலும் கீழே இறக்க வேண்டும். டயமொக்ஸ் குளிசை உடம்பு பழக உதவும், ஆனால் இறங்குவதற்கு மாற்றாகாது. ஹிமாலய மீட்புச் சங்கம் நடைப் பருவத்தில் பெரிச்சேயிலும் மனாங்கிலும் மருத்துவ நிலையம் நடத்துகிறது.

முக்திநாத்துக்கு எங்கள் பெரியவர்களும் போகிறார்கள். 108 திவ்விய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் அது என்று வைணவர்கள் கொள்கிறார்கள். அவர்கள் நடப்பதில்லை. 800 மீற்றர் உயரப் பொக்காராவிலிருந்து ஜொம்சொமுக்கு விமானம், பிறகு ஜீப். ஒரே காலையில் 3,700 மீற்றருக்கு மேல். கணவாய் ஏறும் பிள்ளைக்கு இரண்டு வாரம் பழகிய உடம்பு, அம்மா அப்பாவுக்கு இரண்டு மணிநேரம். ஜொம்சொமில் ஓர் இரவாவது தங்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

காப்புறுதிப் பத்திரத்தில் உயர எல்லை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல, நான்கு கணவாய்களுக்கும் வெகு கீழேயே நின்றுவிடும். 6,000 மீற்றர் வரையான நடையும் உலங்குவானூர்தி மீட்பும் எழுத்தில் இருக்க வேண்டும். உலங்குவானூர்தியை அழைக்க முன் காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை பலவற்றில் உண்டு. அந்த இலக்கத்தின் ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும்.