மலேரியாவும் அயலுதவியும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்னிறுத்திய சில குறிப்புகள்

வளர்ச்சியடைந்த முதலாளித்துவ நாடுகள் தமது அரசாங்கப் பணத்தைப் பிறநாட்டு மக்களின் சுகாதாரத்துக்குச் செலவிடுவது தகுமா என்ற விவாதம் 2025ஆம் ஆண்டு புதிய வேகம் பெற்றது. அவ்வாண்டு ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி அயலுதவிகளை இடைநிறுத்தும் ஆணையிற் கையொப்பமிட்டார்; அதே நாளில் உலக சுகாதாரத் தாபனத்திலிருந்து விலகும் முடிவும் அறிவிக்கப்பட்டது. யூலை 1ஆம் திகதியுடன் அந்நாட்டின் சர்வதேச அபிவிருத்தி முகவரகம் தனி நிறுவனமாக இயங்குவது முடிவுற்றது. பெப்ரவரியில் பிரித்தானியத் தொழிற்கட்சி அரசாங்கம், பாதுகாப்புச் செலவைக் கூட்டுவதற்காக, தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாயிருந்த உதவியை 2027இல் 0.3 சதவீதமாகக் குறைப்பதாகக் கூறிற்று. அமெரிக்க மக்களிடையே நடத்தப்பட்ட கருத்துக்கணிப்புகளிலே, மத்திய வரவு செலவுத் திட்டத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு அயலுதவிக்குப் போகின்றது என்று பலர் நம்புவது தெரிய வந்துள்ளது. உண்மையில் அது ஒரு சதவீதமளவே.

இவ்விவாதத்தின் இரு தரப்பினருமே கொடுப்பவர் நிலையில் நின்று பேசுகின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. கொடுப்பது அறம் என்பார் ஒருசாரார். வீண் என்பார் மற்றொருசாரார். பெறுபவர் எங்கே நின்றார், அவருக்கு நோய் எவ்வாறு வந்தது, அது நீங்கியபோது அவரது நிலத்துக்கும் உழைப்புக்கும் என்ன நேர்ந்தது என்பன கேட்கப்படுவதில்லை. இவ்வினாக்களை மட்டக்களப்பு வாவியின் கரைகளிலே நின்று கேட்பின் எத்தகைய விடை கிடைக்கும் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுவது.

வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பு. தென்னையும் மீன்பிடியும் நெசவும் வாணிகமும் மக்கள்நெருக்கமும் அங்கேயுண்டு. மேற்கேயுள்ள படுவான்கரை வயலும் சேனையும் குளமும் காடும் கொண்டது. நெற்செய்கைக் காலத்தில் எழுவான்கரையிலிருந்து குருமண்வெளி, மண்டூர் போன்ற துறைகளினூடாக வாவியைக் கடந்து சென்று வயலிலே வாடியமைத்துத் தங்குவது நெடுங்கால வழக்கம். நிலம் போடியாருடையது, வாடியில் இரவைக் கழித்தவர் முல்லைக்காரரும் கூலியாளும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இரவிற் கடிப்பது. ஆகவே இந்நோய் எல்லோரையும் ஒரேயளவிற் பற்றியதன்று. உற்பத்தி உறவுகளில் ஒருவர் வகித்த இடமும் அவர் காய்ச்சலில் விழுந்த தடவைகளும் ஒன்றோடொன்று தொடர்புடையன. படுவான்கரைச் சிறுவரிடையே மண்ணீரல் வீங்கிய வயிறு சாதாரணக் காட்சியாயிருந்த காலத்தை, விதி என்று கொண்டவர் பலர். அதனை உழைப்பின் வரலாற்றோடு சேர்த்து வாசித்தவர் சிலரே.

1934-35ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் இலங்கை அரசியலில் மலேரியாவை முதன்முறையாகப் பெருவிடயமாக்கிற்று. தென்மேல் பருவமழை பொய்த்து, ஓடிய ஆறுகள் தேங்கிய குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகியது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கடுமையாகத் தாக்குண்டது, மலேரியா வழமையாக இல்லாத கேகாலை, குருநாகல் முதலாய பகுதிகளே. நாடறிந்த அப்பேரழிவில் கிழக்கு மாகாணத்தின் பெயர் அதிகம் அடிபடாமைக்குக் காரணம் அங்கே நோய் இல்லாமையன்று. ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தமையால் அங்கு அது செய்தியாகவில்லை. தொடர்ந்து பீடிக்கப்பட்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த உலர்வலய மக்களின் துன்பம் அரசாங்கத்தின் கணக்கில் வழமையென்ற தலைப்பின்கீழ் அடங்கிப்போயிற்று. சூரியமல் இயக்கத்தினர் அக்காலத்திற் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மஹத்தயா’ என்ற பெயர் கிடைத்ததும், எஸ். ஏ. விக்கிரமசிங்க போன்றோர் மருத்துவத்தை அரசியலாகக் கண்டதும் இப்பணியிலேதான். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியமைக்கு இவ்வனுபவம் ஒரு முக்கிய தளமாயிற்று. நோயினாற் செத்தவர் பலரும் பசியினால் முன்னமே பாதி செத்திருந்தனர் என்ற உண்மையை இடதுசாரிகள் அன்றே உணர்ந்தனர்.

1946இல் நாடளாவிய ரீதியில் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கிற்று. 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆகவிருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 அளவுக்கு வீழ்ந்தது. ஒரே ஆண்டில் நேர்ந்த இவ்வீழ்ச்சி உலகின் கவனத்தை ஈர்த்தது. ஒரு மேனாட்டு இரசாயனப் பொருள் ஓர் ஆசிய நாட்டைக் காப்பாற்றியது என்ற கதை பாடநூல்களில் ஏறிற்று. இக்கதையை அப்படியே ஏற்பதற்கில்லை. முதலாவதாக, அத்தெளிப்பைத் தொடங்கியது இலங்கையின் சுகாதார சேவையேயாகும். அமெரிக்காவின் பெரும் மலேரியா நிதித்திட்டம் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தே வந்தது. இரண்டாவதாக, இறப்பு வீழ்ச்சியின் காரணம் பற்றியே அறிஞரிடையே ஒத்த கருத்தில்லை. பீற்றர் நியூமன் 1965இல் வெளியிட்ட நூலில் மலேரியா ஒழிப்புக்குப் பெரும் பங்கு கொடுத்தார். நம் நாட்டுக் குடித்தொகையியலாளரான எஸ். ஏ. மீகம 1967இல் அதனை மறுத்து, மலேரியா அரிதாயிருந்த பகுதிகளிலும் அதே காலத்தில் இறப்பு வீழ்ந்ததைச் சுட்டி, போருக்குப் பிந்திய உணவு நிலைமையையும் வைத்தியசாலைகளின் விரிவையும் முன்னிறுத்தினார். 1974இல் கிறே என்பவர் எழுதியது இரண்டுக்கும் இடைப்பட்டது. மலேரியா ஒழிப்பின் பங்கை அவர் மறுக்கவில்லை, ஆயின் நியூமனின் மதிப்பீட்டைப் பெரிதும் குறைத்தார்.

குடித்தொகைக் கணிதம் பற்றிய தகராறாகத் தோன்றினும் இதில் அடங்கியிருப்பது அரசியலே. ஒரு மருந்துப்பொருள் மட்டும் போதுமெனின், நிலவுடைமையையும் கூலியையும் உணவுப் பங்கீட்டையும் தொடாமலே மக்களைக் காக்கலாம் என்றாகும். அயலுதவி வழங்கும் நாடுகளுக்கு இத்தகைய விளக்கம் எப்பொழுதும் இனிப்பானது. 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமையும், 1942இலிருந்து நடைமுறைக்கு வந்த அரிசிப் பங்கீடும், இலவச வைத்திய வசதியும் சேர்ந்தே நுளம்பு கொல்லியைப் பயனுடையதாக்கின என்பது எமது துணிபு. எனினும் மீகமவின் வாதத்தை மட்டக்களப்புக்கு அப்படியே பொருத்துதலும் கூடாது. மலேரியா கடுமையாக நிலைபெற்றிருந்த உலர்வலயத்திலே தெளிப்பினால் விளைந்த பயன் ஏனைய பகுதிகளிலும் பெரிதாயிருந்தது.

அப்பயன் யாருடைய கைக்குச் சென்றது? மட்டக்களப்பின் அண்மைக்கால வரலாற்றில் இதனிலும் கனமான கேள்வி வேறொன்றில்லை. காய்ச்சல் நீங்கிய காடு குடியேற்றத்துக்குரிய காடாயிற்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், எமது மக்கள் பட்டிப்பளை ஆறு என வழங்கும் ஆற்றினை இங்கினியாகலையில் மறித்தது. அணையைக் கட்டியது மொரிசன்-நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. மலேரியா கட்டுப்பட்டிராவிடின் பல்லாயிரம் குடும்பங்களை அங்கே அமர்த்தும் திட்டம் கனவாகவே இருந்திருக்கும். நிலமற்ற சிங்களக் கிராமத்தவனுக்குக் காணி கிடைப்பதை இடதுசாரிச் சிந்தனையுள்ள எவரும் வெறுக்கார். ஆயின் நிலச்சீர்திருத்தம் செய்யத் துணியாத ஆளும் வர்க்கம், தென்மேற்கின் நிலப்பசியைக் கிழக்கிற்குத் திருப்பி, அதனைத் தேசிய இனப் பிரச்சினையாக மாற்றிற்று. மேல்மடையிற் குடியேறியவர்க்கும் கீழ்மடையிலுள்ள தமிழ், முஸ்லிம் விவசாயிகளுக்குமிடையே நீர்ப்பங்கீடு தகராறாயிற்று. 1956 யூனில் கல்லோயாவில் இரத்தம் சிந்தப்பட்டது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி அம்பாறை என்ற தனி மாவட்டமாயிற்று. சுகாதாரச் செலவு என்பது உயிர்காக்கும் செலவு மட்டுமன்று, நிலத்தைத் திறக்கும் செலவுமாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று காண்டல் அரிது.

இனி அமெரிக்க விவாதத்துக்கு வருவோம். 1955இல் உலக சுகாதார மகாசபை மலேரியாவைப் பூண்டோடொழிக்கும் திட்டத்தை ஏற்றது. அதற்கு அமெரிக்கக் காங்கிரசின் பணத்தைப் பெறுவதற்கு முன்வைக்கப்பட்ட நியாயங்கள் கவனத்துக்குரியன. ரொக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த மலேரியா நிபுணர் போல் ரஸ்ஸல், மலேரியா நாடுகளிலிருந்து பொருள் வாங்கும் அமெரிக்கர் மறைமுகமாக ஒரு மலேரியா வரியைச் செலுத்துகின்றனர் என வாதிட்டார். நோயுற்ற தொழிலாளி குறைவாக உழைக்கின்றான். அதனால் மூலப்பொருளின் விலை கூடுகின்றது என்பதே அதன் சாரம். இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழுவை ஒழிக்க அதே நிறுவனம் 1916ஆம் ஆண்டளவில் முன்வந்தபோதும் தொழிலாளியின் உடற்பலமே பேச்சாயிருந்தது. இதனோடு, கம்யூனிசம் பரவாது தடுத்தல் என்ற நியாயமும் சேர்ந்தது. செலவை எதிர்த்தோர் கேட்டது, இது எப்பொழுது முடியும் என்பதை. ஆதரித்தோர் ஐந்தாண்டு என விடை கூறினர். 1958இல் தொடங்கிய சிறப்பு நிதி 1963உடன் முடிவுற்றது. நோயின் இயல்பை நோக்காது பணம் கொடுப்போரின் பொறுமையை நோக்கி வகுக்கப்பட்ட காலவரையறை இதுவாகும்.

அந்த 1963ஆம் ஆண்டு இலங்கையிற் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. அதே ஆண்டு பெப்ரவரியில், அமெரிக்க எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளைச் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் சுவீகரித்ததன் பொருட்டு, ஹிக்கன்லூப்பர் திருத்தத்தின்கீழ் இலங்கைக்கான அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டது. அத்திருத்தம் முதன்முதலிற் பிரயோகிக்கப்பட்டது எமது நாட்டின்மீதே. 1965இல் ஆட்சி மாறி, நட்டஈடு பற்றி உடன்பாடு ஏற்பட்ட பின்னரே உதவி மீண்டது. உதவியின் மறுமுனையில் எண்ணெய்க் கம்பனி நின்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பின்னர் வந்த மலேரியா மீளெழுச்சிக்கு இதனையே காரணமாக்கும் சில முற்போக்கு எழுத்துகளோடு நாம் உடன்படுவதற்கில்லை. நோயாளர் தொகை அருகியதும் தெளிப்பை நிறுத்துவது ஒழிப்புத் திட்டத்தின் விதிமுறையே. 1964இல் தெளிப்பு நிறுத்தப்பட்டபோது அவ்விதி பின்பற்றப்பட்டது. வெற்றியின் பின்னர் கண்காணிப்புத் தளர்ந்தது. மழை குறைந்து ஆற்றுக் குட்டைகள் பெருகின. சேனைகளுக்கும் மாணிக்கக் குழிகளுக்கும் மக்கள் சென்று திரும்பினர். 1968-69இல் தீவெங்கும் நோய் பரவி, 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். அதே ஆண்டு உலக சுகாதார மகாசபையும் எங்கும் பூண்டோடொழித்தல் உடனடியாகக் கைகூடாது என ஒப்புக்கொண்டது.

மீளெழுந்த நோய் பழைய நோயன்று. நுளம்பு டி.டி.ரி.க்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டமையால் 1977இலிருந்து மலத்தியன் தெளிக்க வேண்டியதாயிற்று. அது விலை கூடியது, நாற்றமுடையது. அமெரிக்கன் சயனமிட் கம்பனி உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள் அது. அதனை வாங்குவதற்கு மீண்டும் அயலுதவி தேவைப்பட்டது. 17 நோயாளரோடு நின்றிருந்த காலத்தில் கண்காணிப்புக்கென ஒதுக்கியிருக்கவேண்டிய சிறுதொகையை மிச்சம்பிடித்ததன் விலை இதுவே. 1987இல் நோயாளர் தொகை 6 இலட்சத்தைத் தாண்டிற்று. அதற்குள் போரும் வந்துவிட்டது. படுவான்கரை ஒருவர் கட்டுப்பாட்டிலும் எழுவான்கரை இன்னொருவர் கட்டுப்பாட்டிலுமாக வாவியே எல்லையான ஆண்டுகளில், இடம்பெயர்ந்தோர் காய்ச்சலோடு இருகரையும் அலைந்தனர். எனினும் மலேரியாத் தடை இயக்கப் பணியாளர்க்குப் போரிட்ட இருதரப்பும் இடமளித்தமை குறிப்பிடத்தக்கது. 2000ஆம் ஆண்டின் பின்னர் நோய் வேகமாகத் தணிந்தது. உலகளாவிய நிதியத்தின் கொடை வலைகளையும் நடமாடும் பரிசோதனையையும் விரிவாக்க உதவிற்று. உள்நாட்டிற் தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒக்டோபரில் இனங்காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதாரத் தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

அயலுதவியெல்லாம் ஏகாதிபத்தியத்தின் தூண்டில் என்று கூறி நிறுத்திக்கொள்ளும் போக்கு எம்மவரிடை உண்டு. வாடியிற் படுத்து நடுங்கிய கூலியாளுக்கு அவ்வாக்கியத்தினாற் பயனில்லை. அவன் விழுங்கிய மாத்திரை மெய்யானது. உதவியை அறச்செயலாக மட்டுமே காணும் தாராண்மைவாதிகளோ, எண்ணெய்க் கம்பனியையும் மலேரியா வரியையும் மறந்துவிடுகின்றனர். கொடுப்போர் நியாயப்படுத்திய காரணங்களும் பெற்றோர் அடைந்த பயனும் வெவ்வேறு என்பதையும், பயன் நிலைபெற்ற இடங்களிலெல்லாம் சம்பளம் பெறும் உள்நாட்டு அரசாங்க ஊழியர் ஒருவர் நின்றார் என்பதையும் இவ்வரலாறு காட்டுகின்றது. 2025இல் உதவி நிறுத்தப்பட்ட ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் அத்தகைய ஊழியரின் சம்பளமே வெளிநாட்டுப் பணத்தில் தங்கியிருந்தது; அதனாலேயே ஒரு கையொப்பத்தினால் வைத்திய நிலையங்கள் பூட்டப்பட்டன. இலங்கையில் இத்தகைய நிலைமை ஏற்படாமைக்குக் காரணம் 1930கள் தொடக்கம் மக்கள் தமது வாக்கினாலும் கிளர்ச்சியினாலும் வென்றெடுத்த பொதுச் சுகாதார சேவையே.

அச்சேவையும் இப்பொழுது சுருங்கிவரும் பணத்தில் இயங்குவது. 2010இல் வெளியான ஆய்வொன்று, நன்னீரிலேயே வளர்வதாகக் கருதப்பட்டுவந்த அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பின் குடம்பிகள் மட்டக்களப்புக் கரையோர உவர்நீரிலும் காணப்படுவதை வெளிப்படுத்திற்று. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பு அதுவே. நோய் வெளிநாடு சென்று திரும்புவோருடன் ஆண்டுதோறும் நாட்டுக்குள் வந்துகொண்டிருக்கின்றது. வாவியோரக் குட்டைகளிற் குடம்பி தேடிச் செல்லும் உத்தியோகத்தருக்குரிய பிரயாணச் செலவை 1964இற்போல் மறுபடியும் வெட்டுவதற்கு, வாஷிங்டனில் எவரும் கையொப்பமிட வேண்டியதில்லை. கொழும்புத் திறைசேரியே அதற்குப் போதுமானது.